அந்தக் கையெழுத்தும் எங்கள் கனடாக் கணக்கும்

புதுச்சேரியில் எங்களைப் போன்ற குடும்பங்களில் ஒரு கையெழுத்தைப் பற்றிய பேச்சு இரண்டு தலைமுறை கடந்தும் ஓயவில்லை. 1954 நவம்பர் 1ஆம் தேதியே பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்கு ஆட்சி கைமாறிவிட்டாலும், அதற்கான ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்றுமுதல் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள்; பிரெஞ்சுக் குடியுரிமையே தொடர வேண்டும் என்று நினைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ரோடியர் மில்லில் வேலை பார்த்த என் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. "அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா, இன்னைக்கு நாம எல்லாரும் பாரீசுல இருந்திருப்போம்" என்று அப்பா சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு தீபாவளி கழிந்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு வயது 34, மனைவிக்கு 31, மகளுக்கு நான்கு. நான் கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். மனைவி புதுச்சேரியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். என் பெற்றோர் முத்தியால்பேட்டையில் எங்களோடு இருக்கிறார்கள். மாமியார் கடலூர் உப்பலவாடிப் பக்கம் தனியாக இருக்கிறார். கனடாவுக்குக் குடிபெயர்வதா வேண்டாமா என்று ஏறக்குறைய ஒரு வருடம் நாங்கள் அலைந்த அலைச்சலில் எதிர்ப்பட்டவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் போனது ஒரு விசா ஆலோசனை நிலையத்துக்கு. அங்கிருந்தவர் எங்கள் படிப்பையோ வேலையையோ விசாரிப்பதற்கு முன்னால் என் பிறந்த தேதியைக் கேட்டார். மதிப்பெண் போட்டுக் குடியேற ஆள் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மொத்தம் 1200 மதிப்பெண். கணவன் மனைவியாக விண்ணப்பித்தால் 20 முதல் 29 வயது வரை வயதுக்கு மட்டும் 100 கிடைக்கும்; முப்பதிலிருந்து நாற்பது வரை ஆண்டுக்கு 5 வீதம் குறைந்துகொண்டே வரும். "உங்களுக்கு இப்ப 75 சார், அடுத்த பிறந்தநாள் வந்துட்டா 70" என்று கடன் தவணை தவறப்போவதைப் போல அவர் எச்சரித்த வேகத்தில், அன்றைக்கே முன்பணமாக 25 ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு வந்தோம். அப்பாவின் கையெழுத்துக் கதை அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

அன்று இரவு மனைவி கனடா அரசின் இணையதளத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். முதன்மை விண்ணப்பதாரராக என்னைப் போடாமல் அவரைப் போட்டால் வயதுக்கு 90 கிடைக்கும் என்பதை ஆலோசகர் சொல்லவே இல்லை. அடுத்த முறை போனபோது கைக்காசு விஷயம் வந்தது. மூன்று பேர் உள்ள குடும்பம் 20 ஆயிரம் கனடிய டாலருக்கு மேல் தன் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். வீட்டின் மதிப்பு அதில் சேராது, கடன் வாங்கிய பணமும் செல்லாது. எங்களிடம் இருந்ததோ அதில் பாதிக்குச் சற்று அதிகம். "பணத்தைப் புரட்டிக் கணக்குல காட்டிடலாம் சார், அதுக்கும் ஆள் இருக்காங்க" என்றார் அவர். பொய்யான தகவல் கொடுத்தது தெரியவந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது என்று முந்தின வாரம்தான் மனைவி படித்துக் காட்டியிருந்தார். கனடாவுக்கான குடியேற்ற ஆலோசனைக்குக் கட்டணம் வாங்க உரிமம் பெற்றவர்களின் பட்டியல் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. அதில் இவருடைய பெயர் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியதைக் கட்டிய பிறகு பார்த்தோம். அந்த 25 ஆயிரம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

அடுத்ததாக, கனடாவின் டொரண்டோவில் உள்ள ஸ்கார்பரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் கல்லூரி நண்பன். அவன் கட்டுமானப் பொறியாளன். போன புதிதில் பதினான்கு மாதம் ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கியிருக்கிறான். அங்கே மாகாண உரிமம் இல்லாமல் தன்னைப் பொறியாளர் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. உரிமத்துக்குக் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையை அவன் இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் 2023இல்தான் நீக்கியது. அதற்குப் பிறகு அவனுக்கு ஏற்ற வேலை கிடைத்து, இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். ஈழத் தமிழர் நிறைந்த பகுதி என்பதால் கடைத்தெருவில் தமிழிலேயே பேசிச் சமாளிக்க முடிகிறதாம். நான் சம்பளம், வரி, வாடகை என்று கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அண்ணா, முதல் குளிர்காலத்துல பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப யாரு பார்த்துக்கிட்டாங்க?" அவன் சற்று நேரம் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேரும் மாறி மாறி லீவு போட்டோம்மா. அதுல அவளுக்கு வேலை போச்சு" என்றான். அவன் எங்களைப் போகாதே என்று சொல்லவில்லை. வந்தால் முதல் மாதம் தன் வீட்டிலேயே தங்கலாம் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

என் மாமியாரின் விஷயத்தில் சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கனடாவின் சூப்பர் விசாவில் பெற்றோர் ஒரு முறை போனால் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். இதை விளக்கியபோது அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க போங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். எங்களால் மறக்க முடியாதது 2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து எங்கள் தெருவையே மூழ்கடித்தது. அந்தத் தண்ணீர் வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணை வழியாக வந்து உப்பலவாடிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தை, சாலையில் ஓடிய வெள்ளத்தைச் சுற்றிச் சுற்றிக் கடந்து, அரை நாளில் போய்ச் சேர்ந்தேன். மாமியார் மாடிப்படியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிடாமல் இருக்க அதை அணைத்து மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியா தம்பி?"

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்; இங்கே அவர்களைச் சொல்தா என்றுதான் சொல்வோம். 1962இல் எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அப்பாவின் கண்ணில் அவர்தான் பிழைக்கத் தெரிந்த மனிதர். உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும், ஓய்வூதியம் வந்துவிடும். பிள்ளைகள் மூவரும் பிரான்சில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அவரைப் பார்க்கப் போனபோது அவர் மாடியில் இருந்தார். மூன்று படுக்கை அறைகள், மூன்றிலும் கட்டில்களின் மேல் பழைய வேட்டிகள் விரிக்கப்பட்டிருந்தன. அவர் ஒவ்வொரு குளியலறையாகப் போய்க் குழாய்களைத் திறந்துவிட்டு, துருநீர் போய்த் தெளிந்த நீர் வரும்வரை நின்று பார்த்துவிட்டு மூடினார். வாராவாரம் இப்படிச் செய்யாவிட்டால் பிள்ளைகள் வரும்போது குழாய் அடைத்துக்கொள்ளும் என்றார். அவர் வருத்தமாக இருந்தார் என்று சொன்னால் நானாகக் கற்பனை செய்வதாகும். பேரனின் திருமணப் படங்களைப் பெருமையோடுதான் காட்டினார். ஆனால் திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அவர் சொன்ன யோசனை ஒன்று எங்கள் கணக்கையே மாற்றியது. "கனடாவுக்குன்னா பிரெஞ்சு படிங்கம்மா, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?" என்றார் அவர் என் மனைவியிடம். 1889இலிருந்து இந்த ஊரில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. நாங்களோ அந்த வாசலைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனதோடு சரி. பிரெஞ்சில் எழுதுதல், படித்தல், பேசுதல், கேட்டல் நான்கிலும் கனடாவின் மொழி அளவுகோலில் ஏழாம் நிலையை எட்டி, ஆங்கிலத்திலும் ஐந்தாம் நிலைக்குக் குறையாமல் இருந்தால் கூடுதலாக 50 மதிப்பெண். 2023இலிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று ஆள் தேர்ந்தெடுக்கும் தனிச் சுற்றுகள் நடக்கின்றன. அவற்றில் கேட்கப்படும் மதிப்பெண் பொதுச் சுற்றைவிட வெகுவாகக் குறைவு. 50 என்றால் வயதால் பத்து ஆண்டுகளில் இழப்பதற்குச் சமம். அப்படியென்றால் அடுத்த பிறந்தநாளுக்குள் ஓட வேண்டிய அவசரம் ஆலோசகருடையதே தவிர எங்களுடையது இல்லை.

கடைசியாக, தாத்தாவின் தங்கை. எங்களுக்கு அத்தைப்பாட்டி; எண்பத்து மூன்று வயது. போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அப்பா வழக்கம்போலக் கையெழுத்துக் கதையை ஆரம்பித்தார். மொச்சை உரித்துக்கொண்டிருந்த அத்தைப்பாட்டி தலையை நிமிர்த்தாமலே, "உங்கப்பன் தெரியாமப் போடாம விட்டான்னா நினைக்கிறே?" என்று கேட்டார். தாத்தா அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் வைத்திருந்தாராம். கையெழுத்துப் போட்டவர்களைப் பிரான்சுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மில்லில் ஒரு பேச்சு இருந்ததாம். அது வெறும் புரளிதான். போட்டவர்களில் எத்தனையோ பேர் இங்கேயேதான் இருந்தார்கள். "நாங்க ரெண்டு பேரு கல்யாணத்துக்கு நின்னோம். அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. யார்கிட்ட விட்டுட்டுப் போவான் அவன்? யோசிச்சுத்தான்டா விட்டான்." அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தொலைக்காட்சியை வைத்தார்.

இப்போதைக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. மனைவி வாரம் மூன்று மாலை பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேர்வு எழுதுவதாக எண்ணம். அதற்குள் சேமிப்பு கடன் இல்லாமல் தேவையான அளவை எட்டினால், மாமியார் எங்களோடு முத்தியால்பேட்டைக்கோ எங்களுக்குப் பின்னால் கனடாவுக்கோ வரச் சம்மதித்தால், மறுபடியும் உட்கார்ந்து பேசுவோம். மகளை ஜூனில் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கிறோம். அப்பா இன்னமும் விருந்தாளிகளிடம் கையெழுத்துக் கதையைச் சொல்கிறார். அத்தைப்பாட்டி வந்திருக்கும் நாள்களில் மட்டும் சொல்வதில்லை.