புதுப்பிப்பு: முதல் வாடகை வீடு, தூரமா பக்கமா?

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாடகை குறைந்த தூரத்து வீடா, அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன வீடா என்று கேட்டிருந்தேன். பக்கத்து வீட்டையே எடுத்துவிட்டேன்.

முடிவெடுக்க வைத்தது, "வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பாருங்கள்" என்ற பதில்தான். கூட்டினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கட்டுப்படியாகுமா என்று பார்க்க, சம்பளம் வந்ததும் அந்த வாடகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மீதியில் வாழ்ந்து பார்க்கச் சொன்னார் ஒருவர். நல்ல ஒத்திகை, சேர்ந்த பணம் முன்பணத்துக்கும் ஆயிற்று. வாடகை சம்பளத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு எனக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. கல்விக்கடன் தவணை கட்டுபவர்கள் அதைக் கழித்த பிறகு சதவீதம் போடுவதே சரி.

எதிர்பாராதது ஒன்று: பராமரிப்புக் கட்டணம் வாடகையில் சேரவில்லை, ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. கையெழுத்துப் போடுமுன் பேசியதில் வாடகையைக் கொஞ்சம் குறைத்தார்கள். அப்புறம் திரைச்சீலை, பல்பு, வாளி, துடைப்பம் என்று முதல் மாதம் பணம் கரைந்துகொண்டே இருந்தது. அதற்கும் தனியாக எடுத்து வையுங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர்க்கறை, குழாய்க்கசிவு எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டேன்; காலி செய்யும்போது அவற்றைச் சொல்லி முன்பணத்தில் பிடிக்கக் காரணம் இருக்காது.