முட்டியில் நீர் கோத்திருப்பதைக் கையால் தடவியே கண்டுபிடிக்க முடியுமா?

கிளட்ச்கால்:

வணக்கம். வயது 46. சேலம்–ராசிபுரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறேன் என்று நான் எண்ணியதில்லை, என் இடது முட்டி எண்ணி வைத்திருக்கும் போல. மூன்று வாரமாக வீக்கம். படி இறங்கும்போது உள்பக்கம் சுளீர் என்கிறது. குத்த வைத்து உட்கார முடியவில்லை, உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடிபடவில்லை, காய்ச்சல் இல்லை.

நேற்று எலும்பு டாக்டரிடம் போனேன். வேட்டியைத் தொடைவரை ஏற்றச் சொல்லிவிட்டு, வலிக்கிற காலை விட்டு நல்ல காலைத்தான் முதலில் பிடித்தார். புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் வீங்கிய முட்டியின் உள்பக்கத்தை மேலே தடவினார், வெளிப்பக்கத்தைக் கீழே தடவினார், முட்டிச் சில்லை அமுக்கினார். போதாததற்கு இடுப்பையும் திருகினார். “நீர் கோத்திருக்கு, கொஞ்சம்தான்” என்றார். நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே, மாத்திரை, பத்து நாள் கழித்து வா. அவ்வளவுதான்.

“தடவியே கண்டுபிடிக்க அவர் என்ன மந்திரவாதியா, எம்ஆர்ஐ எடு மாமா” என்கிறான் மச்சான். யார் சொல்வது சரி?

தொடைத்தசை:

தம்பி, 22 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். உங்கள் டாக்டர் முறையாகத்தான் பார்த்திருக்கிறார். மச்சானைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

நல்ல முட்டியிலும் வழுவழுப்புக்காகக் கொஞ்சம் நீர் இருக்கும், ஒரு டீஸ்பூன்கூட வராது. சில்லின் இரண்டு பக்கமும் லேசான குழி இருக்கிறதல்லவா, நீர் கூடினால் முதலில் மறைவது அந்தக் குழிதான். ஒவ்வொருவர் முட்டியும் ஒவ்வொரு மாதிரி, அதனால் உங்கள் வீங்கிய முட்டிக்கு அளவுகோல் உங்களுடைய இன்னொரு முட்டி. நல்ல காலை முதலில் பிடித்தது அதற்காக. புறங்கை வைத்தது சூடு பார்க்க. சாதாரணமாகச் சில்லுப் பக்கம் தொடையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அது மாறியிருந்தால் உள்ளே அழற்சி.

அந்தத் தடவல்தான் விஷயமே. உள்பக்கத்தை மேல்நோக்கித் தடவினால் அங்கிருக்கும் நீர் சில்லுக்கு மேலே இருக்கும் பைக்கு ஏறிவிடும். உடனே வெளிப்பக்கத்தைக் கீழ்நோக்கித் தடவினால் அது திரும்பி வந்து உள்பக்கக் குழியை நிரப்பும். படிக்கிற காலத்தில் இதைக் கண்ணால் பிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. பொத்தென்று புடைக்கும் என்று காத்துக்கொண்டிருப்பேன், அதுவோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல ஓர் அலை வந்து போய்விடும். கொஞ்ச நீரைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனைதான். நீர் நிறைய இருந்தால் நகர இடமில்லாமல் அலையே வராது. அப்போது தொடைப் பக்கமிருந்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சில்லை அமுக்குவார்கள். மிதந்துகொண்டிருக்கும் சில்லு கீழே இறங்கி எலும்பில் ‘டக்’ என்று முட்டும். உங்களுக்கு அலை வந்து சில்லு முட்டாமல் இருந்திருக்கும், “கொஞ்சம்தான்” என்று சொல்லியிருக்கிறார்.

இடுப்பைத் திருகாமல் விட்டிருந்தால்தான் நான் குறை சொல்லியிருப்பேன். இடுப்பு மூட்டு கெட்டு, வலி முட்டியில் மட்டும் தெரிகிறவர்கள் உண்டு. முட்டிக்கு மாதக்கணக்கில் ஒத்தடம் கொடுத்து வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கோளாறு முழுக்க இடுப்பில்.

நிற்க வைத்து எக்ஸ்ரே எடுப்பது, உடம்பின் பாரம் இறங்கும்போது மூட்டு இடைவெளி எவ்வளவு குறைகிறது என்று பார்க்க. படுத்து எடுத்தால் தேய்மானம் ஒளிந்துகொள்ளும். அடிபட்டு முட்டி பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவினாலோ ஜவ்வுக்காக எம்ஆர்ஐ எழுதுவார்கள். அதுவும் கையால் பார்த்த பிறகுதான்.

யூரிக்அண்ணாச்சி:

எனக்கு ராத்திரி படுக்கும்போது ஒன்றுமில்லை. விடியற்காலை முட்டி பலாப்பழம் மாதிரி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. டாக்டர் கை வைத்தவுடனே “சூடா இருக்கு, நீர் எடுத்தே ஆகணும்” என்றார். ஊசி போட்டு எடுத்ததில் மோர் மாதிரி கலங்கலாக வந்தது. மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியாக யூரிக் அமிலப் படிகம். வேடிக்கை என்னவென்றால் அன்று ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவு! வலி உச்சத்தில் இருக்கும்போது அப்படியும் காட்டுமாம். ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால் கவுட், அதாவது இந்த யூரிக் அமில மூட்டுவாதம், இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தொடைத்தசை:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முட்டி சூடாக வீங்கி, காய்ச்சலும் இருந்து, அசைக்கவே முடியவில்லை என்றால் பத்து நாள் எல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். உள்ளே சீழ் பிடித்திருந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு போய்விடும். அடிபட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் புசுபுசுவென்று வீங்கினாலும் அப்படித்தான், அது பெரும்பாலும் ரத்தம். மறுநாள் மெதுவாக வீங்குவது வேறு கதை.

கிளட்ச்கால்:

ரொம்ப நன்றி அக்கா. ராத்திரி முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கிறது. வைக்கலாமா? ஒருவர் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் நீர் கரைந்துவிடும் என்கிறார்.

தொடைத்தசை:

சுகமாகத்தான் இருக்கும். லேசாக மடக்கினால் நீருக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் அப்படியே பழகினால் கால் முழுசாக நீளாமல் போகும், தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். வீங்கிய முட்டியை அழுத்தி நீவ விடாதீர்கள், அங்கே கரைக்க ஒன்றுமில்லை. உள்ளே நீர் இருக்கும்வரை தொடைத் தசை சோம்பிப்போகும். காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைக் கீழே அமுக்குகிற மாதிரி தசையை இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். டிரிப் முடிந்து இறங்கும்போதெல்லாம் பத்து தடவை.

கிளட்ச்கால்:

பத்து நாள் ஆகிவிட்டது, போய்வந்தேன். எக்ஸ்ரேயில் உள்பக்க இடைவெளி லேசாகக் குறைந்திருக்கிறதாம், ஆரம்பத் தேய்மானம். திரும்பத் தடவினார், இந்த முறை நானும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலை வரவில்லை. படி இறங்கும்போது வலி இன்னும் இருக்கிறது, பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. ஒரு மாதம் பயிற்சி செய்துவிட்டு வரச் சொன்னார்.

நேற்று ஷெட்டில் கண்டக்டர் முட்டியைத் தடவிப் பார்த்தேன் அக்கா. கூச்சத்தில் அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த கிளீனர் எழுந்து வந்துவிட்டான்.