டிஃப்ளெக்‌ஷன் ஷூட்டிங்: 'விலகல் சுடுதல்' வேண்டாம், 'முந்துகுறி' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 1988இல் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'பேட்டில்ஹாக்ஸ் 1942' என்னும் கணினி விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்குச் சொற்களைத் திரட்டுகிறேன். இரண்டாம் உலகப் போரின் பவளக்கடல், மிட்வே, கிழக்குச் சாலமன், சாந்தா குரூஸ் ஆகிய நான்கு விமானந்தாங்கிக் கப்பற்போர்களில் அமெரிக்க அல்லது ஜப்பானிய விமானியாகப் பறக்க வைக்கும் விளையாட்டு அது. மற்ற சொற்கள் ஓரளவு அமைந்துவிட்டன. 'டிஃப்ளெக்‌ஷன் ஷூட்டிங்' மட்டும் இடறுகிறது. நகரும் இலக்கின் மீதே சுடாமல், அது வந்து சேரவிருக்கும் இடத்தை நோக்கிச் சுடுவதே அது.

அதற்கு 'விலகல் சுடுதல்' என்று முன்வைக்கப்பட்ட பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. ஒளிவிலகல் என்று படித்து வளர்ந்த நமக்கு, விலகல் என்றதும் நேராகச் சென்ற ஒன்று வழிமாறுவதுதான் மனத்தில் எழும். இங்கே குண்டு எங்கும் வளைவதில்லை. சுடுபவர்தான் இலக்கை விட்டு, அது வந்து சேரவிருக்கும் வெற்றிடத்தைக் குறிவைக்கிறார். ஓடுகிற ஓணான் மீது கல்லெறிந்த எந்தச் சிறுவனுக்கும் இது தெரியும்.

அளவைப் பாருங்கள். அமெரிக்கப் போர்விமானமான வைல்ட்கேட்டின் இயந்திரத் துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு 300 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ நொடியில் மூன்றிலொரு பங்கு ஆகும். அதற்குள், மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் ஜப்பானியப் போர்விமானமான சீரோ 37 மீட்டர் நகர்ந்துவிடும். அதன் நீளமோ 9 மீட்டர்தான். ஆகவே அதன் மூக்குக்கு முன்னால் நான்கு விமான நீளம் தள்ளிச் சுட வேண்டும். அப்படி நம் விமானத்தின் மூக்கை முன்னே இழுக்கும்போது இலக்கு நம் எஞ்சின் மூடிக்கு அடியில் மறைந்துபோகும் என்பதால்தான், விமானி உயரமாக அமர்ந்து முன்புறம் சரிவாகப் பார்க்கும்படி அமைந்த வைல்ட்கேட் இவ்வகைச் சுடுதலுக்கு ஏற்றதாக இருந்தது.

எனவே 'முந்துகுறி' என்னும் வினைத்தொகையை முன்மொழிகிறேன். 'முன்குறி' சுருக்கமானதே, ஆனால் சகுனம் என்ற பொருள் அதில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. முந்துகுறி வைத்தான், முந்துகுறிக் கோணம், முழு முந்துகுறி என்றெல்லாம் இச்சொல் தடையின்றி விரிகிறது. நேர்பின்னாலிருந்து சுடுவதை 'நேர்குறி' எனலாம்.

ஒரு சிக்கலை நானே சொல்லிவிடுகிறேன். டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து, பக்கவாட்டிலிருந்து தம்மை நோக்கி வளைந்து வரும் பகைவிமானத்தைச் சுடுபவருக்கு இக்கணக்கு தலைகீழாகிறது. அவர் ஏறியிருக்கும் விமானத்தின் வேகமும் குண்டோடு சேர்ந்துகொள்வதால், தம் வால்பக்கமாகத் தள்ளியே அவர் குறிவைக்க வேண்டும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. நாம் இதற்குப் 'பிந்துகுறி' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாமா, அல்லது இரண்டுக்கும் பொதுவாக வேறொன்று தேட வேண்டுமா? உங்கள் கருத்தை அறிந்த பிறகே கட்டுரையில் சேர்ப்பேன்.