வோய்ச்செக் வில்ச்சிக்கின் படங்களும் நான் நேரில் பார்த்த கட்டடங்களும்

போலந்தின் ஒளிப்படக் கலைஞர் வோய்ச்செக் வில்ச்சிக்கின் ‘களங்கமற்ற கண் என்று ஒன்றில்லை’ என்ற தொகுப்பை முதன்முறையாகப் புரட்டுகிறவர்களுக்கு, இதில் படமெடுக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஒரு பக்கத்தில் தீயணைப்பு நிலையம், அடுத்த பக்கத்தில் சிறுநகரத் திரையரங்கு, பிறகு ஒரு கிடங்கு, ஒரு நூலகம், ஜன்னலில் திரைச்சீலை தொங்கும் ஒரு குடியிருப்பு. இவை அனைத்தும் ஒரு காலத்தில் யூதர்களின் தொழுகைக்கூடங்களாகவோ பிரார்த்தனை வீடுகளாகவோ இருந்தவை என்பதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திரும்பும்போது, அதே படங்களை அதே மனத்தோடு பார்க்க முடிவதில்லை. கிராக்கோவுக்கு வேலைக்கு வந்த புதிதில், அந்த ஊர் நூலகம் ஒன்றில் இந்தத் தொகுப்பு என் கையில் கிடைத்தது. இந்த நாட்டின் தெருக்களை நான் பார்க்கும் விதத்தை இது அடியோடு மாற்றிவிட்டது என்பதால், இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வில்ச்சிக் 1961-இல் கிராக்கோவில் பிறந்தவர், கவிதையும் எழுதுகிறவர். போலந்தின் தொழிற்பகுதியான சைலீசியாவின் கைவிடப்பட்ட ஆலைகளையும் சுரங்கப் பகுதிகளையும் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்த பிறகு, 2006 முதல் 2008 வரை போலந்து முழுவதும் சுற்றி, 300-க்கும் மேற்பட்ட இத்தகைய கட்டடங்களைப் படமெடுத்தார். 2009-இல் அவை நூலாக வந்தன. கட்டடத்துக்கு எதிரே நின்று, பகல் வெளிச்சத்தில், உள்ளதை உள்ளபடி எடுப்பதே அவருடைய முறை. வாசலில் நிற்கும் காரையோ விளம்பரப் பலகையையோ சுவரில் மாட்டிய டிஷ் ஆண்டெனாவையோ அவர் தவிர்ப்பதில்லை. சோகத்தை வரவழைக்கும் மூடுபனியும் கிடையாது, அந்தி ஒளியும் கிடையாது. படமெடுத்துக்கொண்டிருந்தபோது அக்கம்பக்கத்தார் வந்து பேசியவற்றையும் அவர் குறித்து வைத்து நூலில் சேர்த்திருக்கிறார். அந்தக் குறிப்புகளை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தால் பாதி வேலையைத்தான் பார்த்ததாக ஆகும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வரிசையில் நான் நேரில் சென்று பார்த்த ஊர்களில் ஜாவொஷிட்ஸெ என் மனத்தை விட்டு அகலவில்லை. கிராக்கோவுக்கு வடகிழக்கே உள்ள சிற்றூர் அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். 1852-இல் கட்டப்பட்ட அவர்களுடைய தொழுகைக்கூடம் இன்று கூரையில்லாமல் நிற்கிறது. உயரமான வளைவு ஜன்னல்களில் சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. காரை உதிர்ந்த இடங்களில் கல்லும் செங்கல்லும் கலந்து தெரிகின்றன. சுவரை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தால் நான்கு பக்கச் சுவர்களுக்கு நடுவே வானம்தான் தெரிகிறது. நான் அதைச் சுற்றி வருவதைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி அருகில் வந்து, “இங்கே உங்களுக்கு யாராவது இருந்தார்களா?” என்று கேட்டார். என் நிறத்தையும் முகத்தையும் பார்த்த பிறகும் அவர் அப்படிக் கேட்டார் என்றால், அந்தச் சுவர்களைத் தேடி வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் யாரையோ இழந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று அவர் பழகியிருக்க வேண்டும். இல்லை, ஒரு புத்தகத்தில் படம் பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, 1942 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் அவ்வூர் யூதர்களைக் கொண்டுபோய் நிறுத்தியதாகத் தம் தாயார் சொன்ன இடம் இருக்கும் திசையைக் கைநீட்டிக் காட்டினார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போஸ்னானில் பார்த்ததோ வேறு வகை. 1907-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய தொழுகைக்கூடம் அது. 1940-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் அதன் குவிமாடத்தை அகற்றிவிட்டு, உள்ளே தங்கள் படைவீரர்களுக்காக நீச்சல் குளம் அமைத்தார்கள். இத்தோடு முடிந்திருந்தால் நாஜிகளின் அட்டூழியங்களில் இதுவும் ஒன்று என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் 1945-க்குப் பிறகும் அது நீச்சல் குளமாகவே தொடர்ந்தது, 2011-இல்தான் மூடப்பட்டது. ஆக்கிரமிப்பாளர்கள் பயன்படுத்தியது 5 ஆண்டுகள், அதன் பிறகு நகர மக்கள் பயன்படுத்தியது 66 ஆண்டுகள். வில்ச்சிக் தம் பயணங்களை மேற்கொண்ட காலத்தில் அங்கே குழந்தைகள் நீச்சல் பழகிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 2003-இல், ரஃபாவ் யாகுபோவிச் என்ற கலைஞர் ‘நீச்சல் குளம்’ என்பதை எபிரேய எழுத்தில் அந்தச் சுவரின் மீது ஒளியால் எழுதிக் காட்டியிருக்கிறார். நான் போனபோது குளம் மூடிக் கிடந்தது. ஆனாலும் குவிமாடம் இருந்த இடத்தில் மொட்டையாக நிற்கும் அந்தப் பெரிய உடலைத் தெருவிலிருந்து பார்த்ததே போதுமானதாக இருந்தது.

வில்ச்சிக்கின் வேலை முழுவதும் இந்த ‘அதன் பிறகு’ என்பதைப் பற்றியதே என்று நான் புரிந்துகொள்கிறேன். போலந்தில் வாழ்ந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் பெரும்பகுதியினரைக் கொன்றது நாஜி ஜெர்மனி. அதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் ஆட்கள் இல்லாமற்போன பின் எஞ்சிய சுவர்களுக்குள் யார் குடியேறினார்கள், எதைச் சேமித்தார்கள், எந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், உயரமான கூடத்தை இரண்டாக்க எந்த இடத்தில் தளம் போட்டார்கள் என்பதெல்லாம் அன்றாட வாழ்க்கையின் கதை. அந்தக் கதையைக் கட்டடத்தின் முகப்பே சொல்கிறது.

இந்தப் பயன்பாடுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கியெல்ட்ஸெ, சாந்தோமியெஷ் ஊர்களின் தொழுகைக்கூடங்கள் அரசு ஆவணக் காப்பகங்களாயின. ப்ஷெமிஷ்லில் ஒன்று நெடுங்காலம் பொது நூலகமாக இருந்தது. அப்படியொரு தேவை வந்திராவிட்டால் அவையும் ஜாவொஷிட்ஸெயைப் போலக் கூரை இழந்திருக்கக்கூடும். 1997-இல் வந்த சட்டம் யூதச் சமூகங்கள் தங்கள் பொதுச் சொத்துகளைத் திரும்பக் கோர வழி செய்தது. ஆனால் தொழுவதற்கே ஆளில்லாத ஊரில் ஒரு பெரிய கட்டடத்தைத் திரும்பப் பெற்று என்ன செய்வது என்பது வேறு துயரம்.

கைவிடப்பட்ட இடங்களை அழகழகாகப் படமெடுத்து இணையத்தில் பகிரும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. உடைந்த ஜன்னலும் படர்ந்த கொடியும் கண்ணுக்கு இதமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலும் இடத்தின் பெயர் இருக்காது, அங்கிருந்தவர்கள் யார் என்ற கேள்வியும் இருக்காது. வில்ச்சிக் அந்த இதத்தை வேண்டுமென்றே மறுக்கிறார். அவருடைய படங்களின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

எல்ஷ்பியெத்தா யானித்ஸ்காவுடன் சேர்ந்து அவர் செய்த ‘இன்னொரு நகரம்’ 2013-இல் வார்சாவின் ஸஹெந்தா காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டது. நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ முன்பு இருந்த பகுதியை உயரமான கட்டடங்களின் மேல்தளங்களிலிருந்து எடுத்த படங்கள் அவை. அந்தப் பகுதியில் உள்ள முரானூஃப் குடியிருப்பை நான் அதன் பிறகு கவனமாக நடந்து பார்த்தேன். போருக்குப் பின், அகற்ற முடியாத அளவுக்குக் குவிந்து கிடந்த இடிபாடுகளின் மேலேயே, அந்த இடிபாடுகளையே கட்டுமானப் பொருளாக்கி எழுப்பிய வீடுகள் அவை. நடைபாதையிலிருந்து வீட்டு வாசலுக்குப் போகப் பல இடங்களில் படியேற வேண்டியிருக்கிறது. தெருவுக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள அந்த உயரம் முழுவதும் பழைய வீடுகளின் நொறுங்கல். படிகளின் ஓரத்தில் பூச்செடி வைத்திருக்கிறார்கள், சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வார்சாவில் இருக்கும் நண்பர்கள் தினமும் கடந்துபோகிற தெருக்கள்தாம்.

இந்த நாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்திருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ பின்தெருவிலோ, சுற்றியுள்ளவற்றோடு ஒட்டாத உயரத்தில் வளைவு ஜன்னல்களும் பிற்காலத்தில் அடைத்த செங்கல் தடங்களும் உள்ள கட்டடம் கண்ணில் பட்டால், அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அது எந்த ஊர், இப்போது எதற்குப் பயன்படுகிறது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதுங்கள். மழுப்பியிருந்தாலோ பேச மறுத்திருந்தாலோ அதையும் எழுதுங்கள்.