மூளை இரத்தக் குழாய் அழற்சி: திசுப் பரிசோதனையில் உறுதியாகவில்லை, வழி தெரிந்தவர்கள் உதவவும்

மதுரையில் வசிக்கும் 44 வயதான என் அண்ணனுக்கு மூளையின் இரத்தக் குழாய்களில் அழற்சி, அதாவது வாஸ்குலைட்டிஸ், இருக்கலாம் என்று நரம்பியல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் உறுதிப்படுத்த முடியவில்லை. மார்ச்சில் விடாத தலைவலியாகத் தொடங்கி, ஜூனில் வலது கை பலவீனமடைந்தது. இப்போது சட்டைப் பொத்தானைக்கூட அவரால் போட முடிவதில்லை. 'சாவி' என்று சொல்ல வந்து 'கதவு' என்கிறார்.

எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளையின் இருபுறமும் சிறு சிறு பக்கவாதப் பாதிப்புகள் தெரிகின்றன. தண்டுவட நீரில் புரதமும் வெள்ளணுக்களும் கூடியிருக்கின்றன. காசநோய், சிபிலிஸ், அக்கி வைரஸ், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) ஆகியவை இல்லை என்று பரிசோதனைகள் சொல்கின்றன. ஆஞ்சியோகிராமில் குழாய்கள் மணி கோத்தாற்போல் ஆங்காங்கே சுருங்கியிருந்தும், மூளைத் திசுப் பரிசோதனையில் அழற்சி தென்படவில்லை. இந்நோய் திட்டுத் திட்டாகத் தாக்குவதால், எடுத்த துண்டில் அகப்படாமல் போயிருக்கலாம் என்கிறார்கள், அது எங்களுக்கும் நியாயமாகவே படுகிறது. மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 5 நாட்கள் ஏற்றியதில் தலைவலி குறைந்தது. பின்னர் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் குறைத்ததும் திரும்பிவிட்டது. இனி நோயெதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தைத் தொடங்கலாம் என்று ஒரு மருத்துவரும், மீண்டும் திசு எடுத்துப் பார்த்த பிறகே அந்த மருந்து என்று இன்னொருவரும் சொல்கிறார்கள்.

முதல் திசுப் பரிசோதனையில் தெளிவு கிடைக்காத நிலையில், உங்கள் குடும்பத்தில் இந்நோய் கண்டவருக்கு மருத்துவர்கள் இவ்விரண்டில் எதை, எந்தக் காரணத்தால் தேர்ந்தெடுத்தார்கள்?