இஸ்தான்புல்லில் 4 நாள், தெருக்கடையில் என்ன சாப்பிடலாம்?

பாளை பையன்:
டிசம்பரில் போகிறேன், கூட அம்மாவும் வருகிறார்கள். நான் எதையும் சாப்பிடுவேன், அம்மா சுத்த சைவம், நம்மூர் அல்வாவுக்கு மேல் இனிப்பே இல்லை என்பவர்கள். கபாப் தவிர என்ன இருக்கிறது அங்கே?

ஜங்ஷன்காரன்:
காலையில் சிமித். எள் ஒட்டிய வளைய ரொட்டி, தள்ளுவண்டியிலேயே கிடைக்கும். எமினோனுவில் கலாட்டா பாலத்துப் பக்கம் சுட்ட மீனை வெங்காயத்தோடு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், முள் பார்த்துக் கடிங்க. ஆனால் அங்கே சுற்றுலாக் கூட்டம்தான், அதனால் படகு ஏறி ஆசியக் கரையில் காடிகொய் சந்தைக்குப் போய்விடுங்கள், மித்யே தோல்மா என்று சிப்பிக்குள் மசாலா சோறு அடைத்து விற்பார்கள், எலுமிச்சை பிழிந்து நின்றபடியே சாப்பிடணும், எத்தனை உள்ளே போனது என்றே தெரியாது. கோகோரெச் என்பது கம்பியில் சுற்றிச் சுட்ட ஆட்டுக்குடல். குடல் குழம்பு சாப்பிடுகிறவருக்கு அதில் என்ன பயம்!

குறுக்குத்துறை:
அம்மாவுக்கு சீ கொஃப்தே வாங்கிக் கொடுங்க தம்பி. பெயர் பச்சை இறைச்சி உருண்டை, ஆனால் தெருக்கடையில் விற்பது பெரும்பாலும் கோதுமை ரவையும் மிளகாய் விழுதும் பிசைந்தது. பருப்பு சூப் மட்டும் விசாரித்து வாங்கணும், இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்ப்பதுண்டு. அப்புறம் வெஃபா பகுதியில் 1876 முதல் நடக்கும் போசா கடை. தானியத்தைப் புளிக்கவைத்த கெட்டியான பானம், மேலே பட்டைத்தூள், வறுத்த கொண்டைக்கடலை. கம்பங்கூழில் சர்க்கரை போட்ட மாதிரி, குளிர்காலத்துக்கு அருமை.

பாளை பையன்:
அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கூழ் குடிக்கவால அவ்வளவு தூரம்?" என்கிறார்கள்.