தனக்கா கேட்ட சென்னை அக்கா

குழு: அப்பத்தா வீட்டுப் பொண்ணுங்க

சுமதி (சென்னை): மலரு, உங்க பர்மாவுல முகத்துக்குப் பூசுற மரப்பட்டை, அந்தத் தனக்கா பவுடர் ரெண்டு கிலோ அனுப்ப முடியுமா? இங்க ஒரே பேச்சு. வேக்ஸ் பண்ணின கையில தனக்காவும் குசும்பா எண்ணெயும் குழைச்சுத் தடவிட்டே வந்தா அப்புறம் முடியே முளைக்காதாம். பர்மா பொண்ணுங்க ரகசியமாம்.

மலர் (தாமுவே, ரங்கூன்): எந்த பர்மா பொண்ணுக்கா? 😂

பவானி சித்தி (பெகு): அடியே, எங்க வீட்டு தனக்காக் கல்லு தேஞ்சே போச்சு. நான் பொறந்ததுலேருந்து பூசுறேன். என் கையைப் பாரு.

பவானி சித்தி (பெகு): 📷 போட்டோ

தேன்மொழி: சித்தி கையைப் பார்த்தா தனக்கா முடிக்குப் போடுற உரம்னு தோணுது

பவானி சித்தி (பெகு): வாயை மூடுடி

தேன்மொழி: அப்பத்தா பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருக்காங்க. சொல்லச் சொல்றாங்க: "தனக்கா வெயிலுக்குத்தான்த்தா. முகம் குளுகுளுன்னு இருக்கும். முடிக்குன்னு எவ சொன்னா? நாங்க குமரியா இருந்தப்ப குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைச்சுப் பூசிப் பார்த்தோம். மஞ்சக் கறைதான் மிச்சம்."

மலர் (தாமுவே): அப்பத்தா சொல்றது சரி. முடி முளைக்கிற வேர் தோலுக்கு அடியில இருக்கு. மேல பூசுற மரப்பட்டைச் சாந்து அங்க போய் என்னக்கா பண்ணும்? காளியம்மன் கோயில் பக்கத்துல தெய்ன்ஜி சந்தையில நல்ல ஷ்வேபோ ஊர்த் தனக்காவே வாங்கி அனுப்புறேன், முகத்துக்குப் பூசிக்கோ. முடி போகும்னு நம்பி காசு செலவழிக்காத.

சுமதி (சென்னை): அப்போ வீட்ல வெளிச்சம் அடிக்கிற மிஷின் விக்கிறாங்களே, அது?

மலர் (தாமுவே): அது முடியில இருக்கிற கருப்பு நிறத்தைத் தேடிப் பிடிச்சு சூடாக்குறது. நம்ம தோலும் கருப்பு, அதனால தோலையும் சேர்த்துச் சுட்டுடும். டப்பாவுல தோல் நிற அட்டவணை இருக்கும், பார்த்துட்டு வாங்கு. நம்ம நிறத்துக்கு டாக்டர்கிட்ட பண்ற என்.டி.யாக்னு ஒரு வகை லேசர்தான் மத்ததை விடப் பாதுகாப்பு.

தேன்மொழி: அக்கா எனக்கு ரேசரே போதும். அம்மாதான் செரைச்சா தடிசா வளரும்னு விட மாட்டேங்குறாங்க

மலர் (தாமுவே): வளராதுடி. 1928-லயே மில்ட்ரெட் டிராட்டர்னு அமெரிக்காவுல ஒரு அம்மா சோதிச்சுப் பார்த்து எழுதிட்டாங்க. வெட்டின நுனி மொட்டையா இருக்கிறதால சொரசொரன்னு தெரியுது, அவ்வளவுதான். குளிச்சு தோல் ஊறின அப்புறம், சோப்பு நுரை போட்டு, முடி சாயுற பக்கமா இழு. வறண்ட தோல்ல இழுத்தா எரியும்.

பவானி சித்தி (பெகு): நீ பார்லர்ல போடுற சக்கரை வேக்ஸ் எப்படிம்மா? வீட்ல பண்ணலாமா?

மலர் (தாமுவே): பண்ணலாம் சித்தி. முடியைப் பிடுங்குற எபிலேட்டர் மிஷினை விட இதுதான் நமக்கு லாயக்கு, கரண்டு எப்ப வரும்னு காத்திருக்க வேண்டாம். ஒரு கப் சக்கரை, ரெண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை சாறு, ரெண்டு டேபிள்ஸ்பூன் தண்ணி. சின்னத் தீ. தேன் நிறம் வரும்போது ஒரு சொட்டு தண்ணியில விட்டுப் பாருங்க, அதிரசப் பாகு மாதிரி விரல்ல உருட்ட வரணும். உடனே இறக்கிடணும். விட்டா கல்கண்டா இறுகிடும்.

மலர் (தாமுவே): அவசரப்படாதீங்க. கொதிக்கிற பாகு தோலோட ஒட்டிக்கும். மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பார்த்து வெதுவெதுன்னு இருந்தாத்தான் போடணும். பழைய பருத்தி லுங்கியைக் கிழிச்சு வச்சுக்கோங்க. கையில கொஞ்சம் பவுடர் தூவி, முடி சாயுற பக்கமா மெல்லிசா தடவி, துணியை அழுத்தி, தோலை ஒரு கையால இழுத்துப் பிடிச்சுட்டு எதிர்ப்பக்கமா ஒரே இழு. மேல தூக்கி இழுக்காம, தோலை ஒட்டினாப்புல இழுக்கணும். வலி குறையும். மிச்சம் ஒட்டினது வெந்நீர்ல கரைஞ்சிடும்.

தேன்மொழி: நேத்து செரைச்ச கால்ல போடலாமா

மலர் (தாமுவே): பிடிக்காது. அரிசி நீளம் வளரட்டும். பருவுக்கு ரெட்டினால் கிரீம் பூசுற இடத்துல வேண்டாம், தோலே உரிஞ்சு வந்துடும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தா, நிறுத்தி ஆறு மாசம் ஆகணும். சித்தி, உங்களுக்கு சுகர் இருக்கே, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க. புண் ஆச்சுன்னா சீக்கிரம் ஆறாது.

பவானி சித்தி (பெகு): அப்ப எனக்கு கிரீமே போதும். நாத்தம் பொறுத்துக்கிறேன்.

மலர் (தாமுவே): கிரீம்னா முந்தின நாளே ஓரமா கொஞ்சம் பூசிப் பார்த்துடுங்க. அட்டையில போட்ட நிமிஷத்துக்கு மேல ஒரு நிமிஷம்கூட விடாதீங்க. முடியைக் கரைக்கிற மருந்து தோலையும் அரிக்கும்.

சுமதி (சென்னை): வேக்ஸ் முடிஞ்சதும் என்ன பூசணும்?

மலர் (தாமுவே): ஈரத்துணி, கற்றாழை. ஒரு நாளைக்கு வெயில், சுடுதண்ணி, சென்ட் எதுவும் வேண்டாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு லேசா தேய்ச்சுக் குளி, முடி உள்ளுக்குள்ளயே சுருண்டு கட்டி வராது.

தேன்மொழி: அக்கா எனக்கு இப்ப தாடையில தடிசா ரெண்டு மூணு வருது. அதையும் வேக்ஸ் பண்ணலாமா?

மலர் (தாமுவே): மாசாமாசம் தேதி ஒழுங்கா வருதா?

தேன்மொழி: இல்ல. தள்ளித் தள்ளித்தான்

மலர் (தாமுவே): அப்ப முதல்ல லேடி டாக்டரைப் பார். பி.சி.ஓ.எஸ்.னு ஹார்மோன் கோளாறா இருக்கலாம். ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்தா தெரிஞ்சிடும். அதுவரைக்கும் கத்திரியால வெட்டிக்கோ, பிடுங்கிப் புண்ணாக்காத.

பவானி சித்தி (பெகு): பயப்படாத கண்ணு. வெள்ளிக்கிழமை ரங்கூன் வர்றேன், நானே கூட்டிட்டுப் போறேன். அப்பத்தாகிட்ட இப்ப வாசிச்சுக் காட்டாத.

தேன்மொழி: லேட் சித்தி. கேட்டுட்டாங்க. அவங்களும் வர்றாங்களாம்